குதிரை ஏன் நின்றது?



எத்தனையோ பயணக் கட்டுரைகளை நீங்கள் இதற்கு முன் படித்திருப்பீர்கள். கண்ட இடங்களையும் உண்ட உணவுகளையும் வரிசைப்படுத்திக் காட்டுவது என் நோக்கமன்று. ஜோர்டான் நாட்டுப் பாலைவனத்தில், ஒரு பிற்பகல் வேளையில், நான் ஏறிச் சென்ற குதிரை நடுவழியில் நின்றுவிட்டது. அது ஏன் நின்றது என்பதை அறிய எனக்கு அரை நிமிடம் போதுமாயிருந்தது. அந்த அரை நிமிடத்தை நான் அதற்குக் கொடுக்கவில்லை. அதை உங்களிடம் சொல்லவே இதை எழுதுகின்றேன்.

பெயரில் இருந்த குதிரை

எங்களுடையது உத்தமபாளையத்து ராவுத்தர் குடும்பம். 'ராவுத்தர்' என்னும் சொல்லுக்குக் குதிரை வீரர் என்பது பொருள் என நீங்கள் அறிவீர்கள். எங்கள் முன்னோர் குதிரைப் படையோடும் குதிரை வாணிகத்தோடும் தொடர்பு கொண்டிருந்தனர் என்று வீட்டுப் பெரியவர்கள் வழிவழியாகச் சொல்லி வந்தனர். என் பாட்டனாரின் நிக்காஹ் ஊர்வலம் குதிரை மீது நடந்ததாம். என் அத்தாவோ வாழ்நாள் முழுவதும் சைக்கிளில் சென்று மளிகைக் கடை நடத்தியவர். நான் பள்ளி ஆசிரியன். எனக்கு வாய்த்த வாகனம் ஸ்கூட்டர். அறுபது வயதைக் கடந்தும் ஒரு குதிரையின் கழுத்தைக்கூட நான் தொட்டதில்லை. ஆனாலும் கல்யாண வீடுகளில் யாராவது பரம்பரை பற்றிப் பேசினால், நெஞ்சை நிமிர்த்திக் கொள்வதில் மட்டும் எனக்குக் குறைவே இருந்ததில்லை.

இன்னொரு நினைவும் உண்டு. திருக்குர்ஆனின் 100ஆவது அத்தியாயமான 'அல்ஆதியாத்'தை எனக்கு ஓதக் கற்றுக் கொடுத்தவர் அத்தாதான். மூச்சிரைக்க ஓடும் குதிரைகளின் மீது சத்தியமிட்டுத் தொடங்கும் அச்சிறிய அத்தியாயம், ஐந்து வசனங்கள் கழிந்ததும் மனிதனின் நன்றிகெட்ட தன்மையைப் பற்றிப் பேசத் தொடங்குகின்றது. "குதிரைக்கும் நன்றி கெட்டவனுக்கும் என்ன தொடர்பு, அத்தா?" என்று சிறுவனாகிய நான் கேட்டேன். "ஒரு கட்டுப் புல்லும் ஒரு வாளித் தண்ணீரும் கொடுத்தவனுக்காக அது உயிரைக் கொடுத்து ஓடுகிறது. எல்லாவற்றையும் கொடுத்தவனுக்காக நாம் என்ன செய்கிறோம் என்று யோசித்துப் பார்" என்றார். கடையைப் பூட்டிவிட்டு வந்த களைப்போடு, திண்ணையில் அமர்ந்து அவர் சொன்ன விளக்கம் அது.

பாலைவனத்தின் வாயிலில்

2019ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம், உம்ராவுக்குச் செல்லும் முன்பாக ஜோர்டானையும் பைத்துல் முகத்தஸையும் தரிசித்துச் செல்லும் ஒரு குழுவில் நானும் என் மனைவியும் சேர்ந்திருந்தோம். ஜித்தாவில் பணியாற்றும் என் சகோதரியின் மகன் அம்மானில் வந்து எங்களோடு இணைந்து கொண்டார். மூத்தா போரில் ஷஹீதான ஜஃபர் பின் அபீதாலிப் (ரலி) அவர்களின் அடக்கத்தலத்தைக் கண்டு ஸலாம் கூறினோம். பெட்ராவின் குடைவரைகளைப் பார்த்தோம். அங்கிருந்து தெற்கே இரண்டு மணி நேரப் பயணத்தில் வாதி ரம் என்னும் பாலைவனப் பள்ளத்தாக்கை அடைந்தோம்.

பாலைவனம் என்றால் கண்ணுக்கெட்டிய தூரம் வரை வெறும் மணல்மேடு என்றே நான் எண்ணியிருந்தேன். வாதி ரம் அப்படியன்று. சிவந்த மணற்பரப்பின் நடுவே, கடலில் நிற்கும் கப்பல்களைப் போலக் கன்மலைகள் செங்குத்தாக எழுந்து நிற்கின்றன. ரம் மலையின் உயரம் 1,700 மீட்டருக்கும் மேல். ஜோர்டானின் மிக உயர்ந்த சிகரமான உம்முத் தாமி 1,854 மீட்டர் உயரத்தோடு தெற்கே, சவூதி எல்லையை ஒட்டி நிற்கின்றது. மலைகளின் அடிப்பகுதி கறுத்த கருங்கல். அதன் மேல் இருப்பது மணற்கல். இரும்புச் சத்து கலந்திருப்பதால் மணலுக்கு அச்செந்நிறம். குளிர்காலத்தில் பெய்யும் சிறு மழை மணற்கல்லில் ஊறி இறங்குகின்றது. கருங்கல்லைத் தொட்டதும் மேலும் இறங்க வழியின்றி, இரண்டும் சேரும் இடத்தில் ஊற்றாகக் கசிகின்றது. அந்த ஊற்றுகளை நம்பித்தான் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மனிதர்களும் ஆடுகளும் ஒட்டகங்களும் அங்கு வாழ்ந்து வந்திருக்கின்றனர். சுமார் 74,000 ஹெக்டேர் பரப்புள்ள இப்பகுதியை யுனெஸ்கோ 2011ஆம் ஆண்டு உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. இயற்கைக்காகவும், பாறைகளில் உள்ள பண்டைய எழுத்துகளுக்காகவும் என இரண்டு காரணங்களுக்காக வழங்கப்பட்ட சிறப்பு அது.

பயணிகளில் பெரும்பாலோர் அங்கு ஜீப்பில் சுற்றுகின்றனர். சிலர் ஒட்டகத்தில் செல்கின்றனர். குதிரை சில இடங்களில் மட்டுமே கிடைக்கும். நாங்கள் தங்கிய கூடாரத்தின் அருகே அப்படி ஓரிடம் இருந்தது. எங்கள் குழுவினர் எல்லாரும் ஜீப்புகளில் ஏறிக் கொண்டிருந்தபோது, மருமகன் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"மாமா! ராவுத்தர் என்று பெயர் மட்டும் இருந்தால் போதுமா? ஒரு நாளாவது குதிரை ஏற வேண்டாமா?"

"என்னங்க, இந்த வயதில் வேண்டாம். விழுந்து எழுந்தால் உம்ராவுக்கு யார் போவது?" என்றார் என் மனைவி.

அவர் வேண்டாம் என்று சொன்னதே எனக்குப் போதுமான தூண்டுதலாகிவிட்டது என்பதை ஒளிக்காமல் ஒப்புக் கொள்கின்றேன்.

சேணத்தின் மேல்

எனக்குக் கிடைத்தது செம்பட்டை நிறப் பெட்டைக் குதிரை. பதூவி அரபுகள் ஆண் குதிரையைக் காட்டிலும் பெட்டைக் குதிரையையே பெரிதும் போற்றுவர் என்பதை அங்கேதான் கேட்டறிந்தேன். அதை அழைத்து வந்த பதூவி இளைஞருக்கு இருபது வயதுக்கு மேல் இராது. என்னை மேலும் கீழும் பார்த்தார். என் 82 கிலோ எடையை அவர் மனத்துக்குள் நிறுத்துப் பார்க்கின்றார் என்று தோன்றியது. பிறகு சேணத்தின் வாரை மேலும் ஒரு துளை இறுக்கினார். குதிரையின் நெற்றியைத் தடவி, அதன் காதருகே ஏதோ சொன்னார். இடப்புறமாக வந்து அங்கவடியில் கால் வைக்கச் சொன்னார்.

வாகனம் ஏறும்போது ஓதும் துஆவை நாம் பேருந்திலும் இரயிலிலும் பழக்கத்தால் ஓதிவிடுகின்றோம். உயிருள்ள ஒரு வாகனத்தின் மேல் அமர்ந்து, அதன் விலா மூச்சுக்கு மூச்சு என் கால்களை அசைப்பதை உணர்ந்தபடி ஓதியபோதுதான், 'இதை எங்களுக்கு வசப்படுத்தித் தந்தவன்' என்று இறைவனைப் புகழ்வதன் பொருள் எனக்கு விளங்கியது. என்னைக் காட்டிலும் ஐந்து மடங்கு எடையுள்ள ஒரு பிராணி, என் கையில் உள்ள ஒரு தோல் வாருக்குக் கட்டுப்பட்டு நிற்கின்றது. என் வலிமையினாலா அது நிற்கின்றது?

முதல் கால் மணி நேரம் அச்சத்திலேயே கழிந்தது. ஒரு கையால் கடிவாள வாரையும் மறு கையால் பிடரி மயிரையும் பற்றிக் கொண்டிருந்தேன். இளைஞர் முன்னால் தம் குதிரையிலும், மருமகன் பின்னால் இன்னொன்றிலும் வந்தனர். மெல்ல மெல்லக் குதிரையின் நடைக்கு என் உடல் பழகியது. மணலில் குளம்பு பதியும் மெத்தென்ற ஓசையும், சேணத்தோல் உரசும் ஓசையும் தவிர வேறு ஒலியே இல்லை. எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் வாய்க்கால் நீரின் சலசலப்பும் தென்னை மரத்துக் காற்றும் எப்போதும் கேட்டுக் கொண்டேயிருக்கும். அத்தகைய நிசப்தத்தை என் வாழ்நாளில் நான் அனுபவித்ததே இல்லை.

கஸ்அலி மலையின் பிளவை அடைந்ததும் இறங்கினோம். ஆள் நுழையுமளவே அகலமுள்ள அந்தக் குறுகிய இடுக்கின் சுவர்களில் ஸமூதிய எழுத்துகளும் மனித உருவங்களும் விலங்குகளும் செதுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றினிடையே பாதங்களின் வடிவங்களும் இருந்தன. முகம் பொறிக்காமல் பாதத்தை ஏன் பொறித்தார்கள் என்று அப்போது வியந்தேன். ஒட்டகங்களை ஓட்டிக் கொண்டு வந்த பண்டைய வழிப்போக்கர்கள் அந்த நிழலில் நின்று, நீர் பருகி, தங்கள் அடையாளத்தை விட்டுச் சென்றிருக்கின்றனர்.

பெருமையின் உச்சியில்

திரும்பும் வழியில் என் அச்சம் முழுவதுமாக நீங்கிவிட்டது. அச்சம் நீங்கிய இடத்தில் பெருமை வந்து அமர்ந்து கொண்டது. மருமகனை மொழிபெயர்க்கச் சொல்லி, அந்த இளைஞரிடம் என் பரம்பரையை விரித்துரைத்தேன்.

13ஆம் நூற்றாண்டின் இறுதியில், மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், அரபு நாட்டுக் குதிரைகள் கப்பல் கப்பலாக எங்கள் காயல் துறைமுகத்தில் வந்து இறங்கின என்றேன். கீஷ் தீவின் அதிபர் ஜமாலுத்தீன் ஆண்டுக்கு 1,400 குதிரைகள் அனுப்ப உடன்படிக்கை செய்திருந்தார். ஒவ்வொரு குதிரைக்கும் 220 பொன் தீனார் விலை. வழியில் கடலிலேயே இறந்துவிட்ட குதிரைக்கும் பாண்டியன் விலை கொடுத்தான் எனப் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதி வைத்திருக்கின்றார் என்றேன். ஜமாலுத்தீனின் சகோதரர் தகியுத்தீன் பாண்டிய நாட்டில் அமைச்சராகவே இருந்தார் என்றும் சொன்னேன். "அந்தக் குதிரைகளோடு தொடர்புடைய கூட்டத்தில் வந்தவன் நான்" என்று முடித்தேன்.

இளைஞர் மரியாதையோடு தலையசைத்தார். அவ்வளவுதான்.

அடுத்த சில நிமிடங்களில் என் குதிரையின் நடை தளர்ந்தது. கல்லும் சரளையும் கலந்த ஓரிடத்தில் அது நின்றேவிட்டது. நான் கடிவாளத்தை உதறினேன், நகரவில்லை. குதிகாலால் விலாவில் இடித்தேன். ஓரடி வைத்து மீண்டும் நின்றது. பின்னால் மருமகன் கைபேசியில் படம் எடுத்துக் கொண்டிருக்கின்றார். சற்றுத் தொலைவில் எங்கள் குழுவினரின் ஜீப்புகள் வேறு நிற்கின்றன. இவ்வளவு பேசியபின் இப்படியா நிற்பது! எனக்குக் கோபம் பொங்கியது. வாரின் முனையைச் சுருட்டி அதன் கழுத்தில் ஓங்கி ஓர் அடி அடித்தேன். மறுபடியும் ஓங்கினேன்.

"யா ஹாஜ்!"

இளைஞரின் குரல் உரத்து எழவில்லை. ஆனால் என் கை தானாகவே இறங்கியது. அவர் குதித்திறங்கி ஓடி வந்தார். என்னைப் பார்க்கவேயில்லை. குதிரையின் தோளைத் தடவிக் கொண்டே கீழிறங்கி, முன்னங்காலைத் தூக்கித் தம் தொடையின் மேல் வைத்துக் கொண்டார். லாடத்தின் உள்விளிம்புக்கும் குளம்பின் நடுவிலுள்ள மெத்தென்ற முக்கோணப் பகுதிக்கும் இடையே, புளியங்கொட்டையளவுள்ள கூரிய கல்லொன்று குத்தி இறுகியிருந்தது. இடுப்பிலிருந்த சிறு கொக்கியால் அதை நெம்பி எடுத்து, உள்ளங்கையில் வைத்து என்னிடம் நீட்டினார். பிறகு மருமகனிடம் ஏதோ சொன்னார்.

"என்ன சொல்கிறார்?" என்று கேட்டேன்.

மருமகன் சற்றுத் தயங்கினார். "அது வாய் திறந்து பேசாதாம் மாமா. நின்றுதான் சொல்லுமாம்."

இன்னொரு கால்

வாசகர்களே! அந்தக் கல்லைப் பார்த்துக் கொண்டு நின்ற எனக்கு அந்தப் பாலைவனம் மறைந்து போயிற்று. உத்தமபாளையத்தில் எங்கள் தெருவும், 2003ஆம் ஆண்டின் ஓர் அதிகாலையும் கண் முன் வந்து நின்றன.

அத்தாவுக்குப் பல ஆண்டுகளாக நீரிழிவு நோய் இருந்தது. சுப்ஹுத் தொழுகைக்கு நாங்கள் இருவரும் சேர்ந்துதான் பள்ளிவாசலுக்குச் செல்வோம். அந்நாள்களில் அவருடைய நடை தளர்ந்து கொண்டே வந்தது. பத்தடி நடந்து நிற்பார். மீண்டும் பத்தடி நடந்து நிற்பார். "கால் மரத்துப் போகிறது தம்பி" என்பார். எனக்கோ தொழுதுவிட்டு வந்து, தனி வகுப்புக்கு வரும் மாணவர்களைக் கவனிக்க வேண்டும். ஒரு நாள், ஜமாஅத் தவறிவிடும் என்ற பதற்றத்தில், பள்ளிவாசல் வாசலிலேயே நாலு பேர் கேட்க, "நடக்க மனமில்லை என்றால் வீட்டிலேயே தொழ வேண்டியதுதானே அத்தா! ஏன் இப்படி வழியில் நின்று நின்று உயிரை வாங்குகிறீர்கள்?" என்று சொல்லிவிட்டேன். அவர் ஒன்றும் பேசவில்லை. மறுநாளிலிருந்து வீட்டிலேயே தொழுதார்.

ஏறக்குறைய இருபது நாள்களுக்குப் பின், அறையில் வீசிய துர்நாற்றத்தைக் கொண்டுதான் அம்மா கண்டுபிடித்தார். செருப்பின் அடியில் பெயர்ந்திருந்த ஓர் ஆணி, அத்தாவின் பாதத்தில் குத்திப் புண்ணாக்கியிருந்தது. நீரிழிவு முற்றியவர்களுக்குக் காலின் நரம்புகள் உணர்ச்சியை இழந்துவிடுகின்றன. புண் இருக்கும்; வலி தெரியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் காலில் ஏதோ ஒரு பாரம். அதைச் சொல்லத் தெரியாமல்தான் அவர் நின்று நின்று நடந்தார். முதலில் இரண்டு விரல்களை எடுத்தனர். பிறகு முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று. 2004ஆம் ஆண்டு அவர் வஃபாத்தானார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

அந்த மாதங்களில் நான்தான் அவருடைய புண்ணைக் கழுவிக் கட்டுப் போட்டேன். ஒரு முறையேனும் அவர் என்னைக் குறை சொன்னதில்லை. "உனக்குத்தான் சிரமம் தம்பி" என்பார். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் நினைப்பேன். கேட்கவில்லை. கேட்டால் அந்த வாசற்படிப் பேச்சை அவருக்கு நினைவூட்டியதாகிவிடும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக் கொண்டேன். உண்மைக் காரணம் என் வெட்கம்.

பதினைந்து ஆண்டுகள் கழித்து, எங்கோ ஒரு பாலைவனத்தில், அதே தவற்றை அதே அவசரத்தோடு, நாலு பேர் பார்க்கின்றார்களே என்னும் அதே எண்ணத்தோடு மீண்டும் செய்திருக்கின்றேன். அப்படியானால், நான் கற்றுக் கொண்டது என்ன?

நடந்து திரும்பிய வழி

புண் ஆழமில்லை என்றார் இளைஞர். ஆயினும் அதன் மேல் யாரும் ஏறக் கூடாதென்று கூறி, தம் குதிரையில் என்னை ஏறச் சொன்னார். நான் மறுத்துவிட்டேன். அவரும் இறங்கிக் கொண்டார். மூவரும் குதிரைகளைப் பிடித்தபடி நடந்தே கூடாரத்துக்குத் திரும்பினோம். வழியில் அஸர் நேரம் வந்தது. எங்களிடம் இருந்த தண்ணீர் குடிப்பதற்கே போதுமானதாக இருந்தது. அதிலும் பாதியை இளைஞர் ஒரு தோல் வாளியில் ஊற்றிக் குதிரைகளின் வாயை நனைத்தார். நாங்கள் மூவரும் அந்தச் செம்மணலில் தயம்மும் செய்து தொழுதோம். நெற்றியை மணலில் வைத்தபோது அத்தாவுக்காக நான் கேட்ட துஆவை அல்லாஹ் அறிவான்.

நடக்கும்போதுதான், இளைஞரிடம் நான் சொல்லாமல் விட்ட வரலாற்றின் மறுபாதி என் நினைவுக்கு வந்தது. அதே காலத்தில் நம் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, ஆண்டுதோறும் வாங்கப்பட்ட ஆயிரக்கணக்கான குதிரைகளில் மிகச் சிலவே ஆண்டு முடிவில் உயிரோடு எஞ்சின என்று எழுதியிருக்கின்றார். லாடம் கட்டவும் நோய் பார்க்கவும் தெரிந்தவர்கள் இங்கே இல்லை. அத்தகையவர்களை வணிகர்கள் அழைத்து வருவதுமில்லை, வர விடுவதுமில்லை. குதிரைகள் இறந்தால்தானே மறு ஆண்டும் வாணிகம் நடக்கும் என்பது அவர் கூறும் காரணம். 220 பொன் தீனார் கொடுக்க ஆள் இருந்தது. குளம்பைத் தூக்கிப் பார்க்க ஆள் இல்லை. அந்த வரலாற்றை எத்தனையோ மேடைகளில் பெருமையாகப் பேசிய நான், இந்தப் பகுதியை எப்போதும் விட்டுவிட்டே பேசியிருக்கின்றேன்.

கூடாரத்தில் குதிரையைக் கட்டியதும், அதன் கழுத்தில் நான் அடித்த இடத்தைத் தடவிக் கொடுத்தேன். அது தலையைத் திருப்பி என் கையை முகர்ந்தது. பிறகு புல்லுக்குத் திரும்பிக் கொண்டது. "விழுந்துவிட்டீர்களா? ஏன் முகம் இப்படி இருக்கிறது?" என்று மனைவி கேட்டார். "விழவில்லை" என்றேன். அன்றிரவு அவரிடம் பள்ளிவாசல் வாசலில் நடந்ததைச் சொன்னேன். பதினைந்து ஆண்டுகளாக அவரிடமும் சொல்லாதிருந்த செய்தி அது.

உங்களிடம் ஒரு வேண்டுகோள்

முரண்டு பிடித்த ஒட்டகம் ஒன்றின் மேல் அமர்ந்து அதை முன்னும் பின்னும் விரட்டிக் கொண்டிருந்த அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம், மென்மையைக் கைக்கொள்ளுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்திய செய்தி ஹதீஸ் நூலான முஸ்லிமில் வருகின்றது. அதை வகுப்பில் நான் பலமுறை பாடமாகச் சொல்லியிருக்கின்றேன். பாடம் சொல்வது வேறு. வார் கையில் இருக்கும்போது அது நினைவுக்கு வருவது வேறு.

நம் ஒவ்வொருவர் கையிலும் யாரோ ஒருவருடைய கடிவாளம் இருக்கின்றது. நன்றாகப் படித்துக் கொண்டிருந்த பிள்ளை திடீரென்று பள்ளிக்குப் போக மறுக்கின்றான். கலகலப்பாக இருந்த மருமகள் சில நாள்களாகப் பேசாமல் இருக்கின்றாள். வீட்டு வேலைக்கு வரும் அம்மையாரின் கை வேகம் குறைகின்றது. வயதான தாயோ தந்தையோ பத்தடிக்கு ஒருமுறை நிற்கின்றார்கள். 'பிடிவாதம்', 'சோம்பல்', 'வேண்டுமென்றே செய்கிறார்கள்' என்று பெயர் வைத்துவிடுவது நமக்கு எளிது. அதட்டுவதற்கு முன் ஒரு முறை குனிந்து பாருங்கள். கல் இல்லாமலும் இருக்கலாம். பார்த்ததனால் நமக்கு இழப்பு ஒன்றுமில்லை.

நீரிழிவு உள்ள பெரியவர்கள் வீட்டில் இருந்தால், இதை உவமையாக எடுத்துக் கொள்ளாமல் அப்படியே செய்யுங்கள். நாள்தோறும் அவர்களுடைய பாதத்தின் அடியையும் விரல் இடுக்குகளையும் வெளிச்சத்தில் பாருங்கள். செருப்பை அணியுமுன் அதனுள் கைவிட்டுத் தடவிப் பாருங்கள். வெறுங்காலோடு நடக்க விடாதீர்கள். சிறு கீறலாயினும் மருத்துவரிடம் காட்டுங்கள். 'வலிக்கிறதா?' என்று கேட்டு, 'இல்லை' என்ற பதிலோடு நின்றுவிடாதீர்கள். நாங்கள் அப்படித்தான் நின்றுவிட்டோம்.

அந்தக் கல்லை இளைஞரிடம் கேட்டு வாங்கி வந்தேன். இப்போது என் மேசையில், அத்தாவின் மூக்குக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கின்றது. 'அல்ஆதியாத்' ஓதும் வேளைகளில் அந்தப் பெட்டி என் கண்ணில் படுகின்றது.

என் அத்தாவின் பிழைகளைப் பொறுத்து, அவருடைய கப்ரை அல்லாஹ் விசாலமாக்கி வைப்பானாக! இதைப் படிக்கும் உங்களில் யாருடைய பெற்றோரேனும் இன்று உயிரோடு இருந்தால், எனக்குக் கிட்டாமல் போன வாய்ப்பை உங்களுக்கு அவன் தந்தருள்வானாக! ஆமீன்.